கம்பெனி விலைக்குக் கீழே விற்றேன், சரக்கை நிறுத்திவிட்டார்கள்: போட்டி ஆணையத்திடம் போகலாமா?

திண்டுக்கல் மோட்டார் கடை:

விவசாய மோட்டாரும் பம்ப்செட்டும் விற்கும் கடை என்னுடையது. அப்பா காலத்திலிருந்து ஒரே கம்பெனியின் டீலர். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

எனக்குக் கிடைக்கும் கழிவில் ஒரு பகுதியை விவசாயிகளுக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். மோட்டார் வாங்குகிறவர் நாலு கடை ஏறி இறங்கிவிட்டுத்தான் என் கடைக்கு வருவார். ஐந்நூறோ அறுநூறோ குறைத்தால்தான் பேரம் படியும். என் லாபத்திலிருந்து நான் கொடுக்கிறேன், கம்பெனிக்கு இதில் ஒரு பைசா நட்டமில்லை.

பங்குனிக் கடைசியில் புதுமுகம் ஒருவர் வந்தார். ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாருக்கு விலை கேட்டார். போர் எத்தனை அடி ஆழம் என்று கேட்டதற்கு ஆள் முழித்தார். எஸ்டிமேட் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே எஸ்டிமேட்டின் படம் ஏரியா மேனேஜரின் வாட்ஸ்அப்பிலிருந்து எனக்கு வருகிறது. குறைந்தபட்ச விற்பனை விலையை மீறிவிட்டேனாம். இந்த மாத ஆர்டர் நிறுத்தம், போன காலாண்டின் ஸ்கீமுக்குக் கம்பெனி என் கணக்கில் வரவு வைக்கவேண்டிய கிரெடிட் நோட்டும் கிடையாது என்று எழுதியிருந்தார். கிணறு வற்றுகிற சித்திரையில் மோட்டார் இல்லாமல் கடையைத் திறந்து வைத்து நான் என்ன செய்வது?

வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க டெல்லியில் போட்டி ஆணையம் என்று ஒன்று இருப்பதாகப் பத்திரிகையில் படித்திருக்கிறேன். கூகுளுக்கு அபராதம் போட்டவர்கள் என் போன்ற கடைக்காரன் எழுதினால் திரும்பிப் பார்ப்பார்களா?

---

கறுப்புக் கோட்டு:

ஐயா, திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கதையைப் படித்ததும் மாருதி வழக்குதான் நினைவுக்கு வந்தது. 2017 நவம்பரில் மாருதி டீலர் ஒருவர் பெயர் போடாமல் ஆணையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு ஆணையம் தானாகவே வழக்கை எடுத்தது. விசாரணையில் தெரிந்தது இது: எந்த டீலர் எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம் என்பதைக் கம்பெனியே கட்டுப்படுத்தியது. அதற்கு மேல் கொடுக்கிறார்களா என்று பார்க்க, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்புவதற்கென்றே ஏஜென்சிகளை வைத்திருந்தது. வந்தவர் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போவார். பிறகு அந்த அறிக்கையோடு டீலருக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். விளக்கம் திருப்தி இல்லை என்றால் டீலருக்கு மட்டுமல்ல, ஷோரூம் மேலாளர், விற்பனை ஊழியர் வரைக்கும் அபராதம். சில நேரம் வண்டி சப்ளையை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலும் உண்டு. வசூலித்த தொகையை எங்கே கட்டவேண்டும் என்பதையும் கம்பெனியே சொன்னது.

2021 ஆகஸ்டில் ஆணையம் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது.

சட்டத்தில் இதற்குப் பெயர் மறுவிற்பனை விலைக் கட்டுப்பாடு. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், பிரிவு 3(4). இவ்வளவுக்கு மேல் விற்காதே என்று கம்பெனி சொல்லலாம், அது வாங்குகிறவருக்கு நல்லது. இதற்குக் கீழே விற்காதே என்றால்தான் சிக்கல்.

ஆனால் உடனே மகிழ வேண்டாம். போட்டியாளர்கள் தங்களுக்குள் கூடி விலை வைத்தால், அதனால் சந்தைக்குக் கேடு என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். கம்பெனிக்கும் டீலருக்கும் இடையிலான ஏற்பாட்டில் அந்த அனுமானம் கிடையாது. போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு என்று காட்ட வேண்டும். உங்கள் கம்பெனி சந்தையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சிறு கம்பெனி என்றால், விவசாயி வேறு பிராண்டுக்குப் போகலாமே என்று ஆணையம் கேட்கும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மீதும் இதே போன்ற குற்றச்சாட்டு வந்தது. 2017இல் 87 கோடி அபராதம். 2018 செப்டம்பரில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது. விசாரணைப் பிரிவின் அறிக்கையை ஆணையம் தானாகச் சோதித்துப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டது என்பது காரணம். சான்று முக்கியம், மனக்குறை போதாது.

---

சேலம் கான்ட்ராக்டர்:

வக்கீல் ஐயா சொல்வதெல்லாம் சரி. இந்த ஆணையத்தை நம்பி உட்கார்ந்தவர்கள் கதையையும் ஒருவர் சொல்ல வேண்டுமே.

சிமெண்ட் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டுநர் சங்கம் கொடுத்த புகார் அது. ஆலையின் திறன் இருந்தும் உற்பத்தியைக் குறைத்து, சேர்ந்து விலையை ஏற்றினார்கள் என்று ஆணையம் கண்டுபிடித்தது. உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம் விலை விவரங்கள் கை மாறியதும் உத்தரவில் இருக்கிறது. 2012 ஜூனில் 11 கம்பெனிகளுக்குச் சேர்த்து 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். மெட்ராஸ் சிமெண்ட்ஸ், அதாவது இன்றைய ராம்கோ, 258.63 கோடி. இந்தியா சிமெண்ட்ஸ் 187.48 கோடி. அன்று நாங்கள் சைட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம்.

2015 டிசம்பரில் மேல்முறையீட்டில் எல்லாம் ரத்து. ஏன்? வாதம் கேட்ட நாட்களில் இல்லாத தலைவர் உத்தரவில் கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவருக்குக்கூடத் தெரியும்! மறுபடி முதலிலிருந்து வாதம். 2016 ஆகஸ்டில் மறுபடி அபராதம். 2018 ஜூலையில் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்று, அபராதத்தில் 10 சதவீதத்தைக் கட்டுங்கள் என்றது.

இத்தனைக்கும் நடுவில் மூட்டை விலை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

டயர் இன்னும் வேடிக்கை. 2018 ஆகஸ்டில் எழுதிய உத்தரவு 2022 பிப்ரவரி வரைக்கும் மூடிய உறையில் கிடந்தது. எம்.ஆர்.எஃப். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, உத்தரவு வெளியே வரவில்லை. அங்கேயும் உச்ச நீதிமன்றத்திலும் தோற்ற பிறகுதான் ஐந்து டயர் கம்பெனிகளுக்கு 1,788 கோடி என்று ஊருக்குத் தெரிந்தது. எம்.ஆர்.எஃப். பங்கு மட்டும் 622.09 கோடி. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தீர்ப்பாயம், கணக்கை மறுபடி பாருங்கள் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது. லாரி வைத்திருப்பவர் இதற்குள் எத்தனை செட் டயர் மாற்றியிருப்பார்!

திண்டுக்கல்காரரே, ஏரியா மேனேஜரிடம் சமாதானமாகப் போய்விடுங்கள்.

---

ஈரோடு எலெக்ட்ரிக்கல் ஏஜென்சி:

அண்ணா, நானும் டீலர்தான், அதனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஷோரூம் போட்டிருக்கிறேன். வைண்டிங் பார்க்க இரண்டு ஆள், வயலுக்குப் போய் மோட்டாரை இறக்கிக் கொடுக்க ஒரு வண்டி. விவசாயி என் கடைக்கு வந்து ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டு, எத்தனை ஸ்டேஜ் பம்ப் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, நேரே விலை உடைக்கும் கடைக்குப் போய் வாங்குகிறார். மோட்டார் எரிந்தால் மறுபடி என்னிடம்தான் வருகிறார். இப்படியே போனால் நானும் ஆட்களை நிறுத்திவிடுவேன். பிறகு சர்வீஸுக்கு யார் இருப்பார்கள்? கம்பெனி ஒரு தரைவிலை வைப்பது எல்லோரும் பிழைக்கத்தான்.

---

திண்டுக்கல் மோட்டார் கடை:

ஈரோடு தம்பி, சர்வீஸ் நானும்தான் செய்கிறேன். ஷோரூமுக்குக் கண்ணாடி போடவில்லை, அவ்வளவுதான். அந்தக் கண்ணாடிக்கு ஆன செலவை ஏன் விவசாயி கொடுக்க வேண்டும்?

---

கறுப்புக் கோட்டு:

ஈரோடு நண்பர் சொன்னது தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்து வைக்கப்போவதும் அதைத்தான். பிரிவு 19(3) இரண்டு பக்கத்தையும் எடை போடச் சொல்கிறது. புதியவர்கள் நுழையத் தடை உண்டா, இருப்பவர்கள் வெளியேற்றப்படுகிறார்களா என்பது ஒரு தட்டு. நுகர்வோருக்கு நன்மை உண்டா, விநியோகம் மேம்படுகிறதா என்பது மறு தட்டு. சர்வீஸைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சர்வீஸ் செய்கிறவருக்குத் தனியாகக் கழிவு கொடுக்கலாமே, விலையை ஏன் கட்டிப்போட வேண்டும் என்பது என் பதில் வாதமாக இருக்கும்.

சேலம் நண்பருக்கு: கோபம் நியாயம்தான், ஆனால் தாமதத்தை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டுகிறீர்கள். சிமெண்டில் கையெழுத்துப் பிழை ஆணையத்துடையது, அதற்குச் சமாதானம் கிடையாது. டயரில் உறை மூடிக் கிடந்தது வழக்குப் போட்டவர்களால். பெரிய கம்பெனி ஒவ்வொரு படியிலும் ரிட் போடும். 2023 திருத்தத்தில், அபராதத்தில் 25 சதவீதத்தைக் கட்டாமல் தீர்ப்பாயம் மேல்முறையீட்டை எடுக்காது என்று வைத்திருக்கிறார்கள்.

---

வணிகவியல் ஓய்வு:

கல்லூரியில் வணிகச் சட்டம் நடத்தியவன் என்ற முறையில் கொஞ்சம் பழைய கதை. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்த ஆணையத்துக்கு முன்பு எம்.ஆர்.டி.பி. ஆணையம், அதாவது ஏகபோகத்தையும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறைகளையும் பார்க்கும் ஆணையம், இருந்தது. சட்டம் 1969, ஆணையம் 1970. அந்தக் காலத்துக் கவலை வேறு: யாரிடம் சொத்து குவிகிறது, எந்தக் குழுமம் பெரிதாகிறது. தாராளமயத்துக்குப் பிறகு அது பொருந்தவில்லை. எஸ்.வி.எஸ். ராகவன் தலைமையிலான குழு 2000இல் அறிக்கை கொடுத்தது. பெரிதாக இருப்பது குற்றமல்ல, பெரிதாக இருப்பதைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் குற்றம் என்ற நிலைக்கு வந்தார்கள். 2002இல் சட்டம், 2003 அக்டோபரில் ஆணையம். உடனே வழக்கு: நீதி வழங்கும் அமைப்புக்கு நீதிபதியல்லவா தலைவராக வேண்டும், அதிகாரியை எப்படிப் போடலாம் என்று. அது தீர்ந்து, 2007இல் திருத்தம் வந்து, 2009 மே 20 அன்றுதான் முக்கியப் பிரிவுகள் உயிர் பெற்றன. நிறுவன இணைப்புகளைப் பரிசோதிக்கும் பிரிவுகள் 2011 ஜூனில்.

இதில் பலருக்கும் குழப்பம் தருகிற இடம் ஒன்று. பழைய ஆணையம் முறையற்ற வணிக நடைமுறைகளையும் பார்த்தது: பொய் விளம்பரம், இல்லாத பரிசு, விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி என்று காட்டுவது. புதுச் சட்டத்தில் அவை இல்லை. அவை நுகர்வோர் சட்டத்தின் பக்கம் போய்விட்டன. 2019 சட்டத்துக்குப் பிறகு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று தனி அமைப்பு வந்து, 2020 ஜூலையிலிருந்து இயங்குகிறது. ‘ஆடித் தள்ளுபடியில் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று போட்டி ஆணையத்துக்கு எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தபால் செலவுதான் மிச்சம்.

---

சென்னை மென்பொருள்:

திண்டுக்கல் ஐயா கூகுளைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். கூகுள் மீதான தொடக்கக் காலப் புகார்களில் ஒன்று சென்னையிலிருந்துதான் போனது. பாரத் மேட்ரிமோனி நடத்தும் மேட்ரிமோனி.காம் 2012இல் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் 135.86 கோடி அபராதம். பிறகு 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி, பிளே ஸ்டோர் கட்டண விஷயத்தில் 936.44 கோடி. ஆண்ட்ராய்டு அபராதத்தைத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் உறுதி செய்தது, ஆனால் ஆணையம் போட்ட 10 கட்டளைகளில் நான்கை நீக்கியது. பிளே ஸ்டோர் அபராதம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகச் சுருங்கியது.

என் போன்ற செயலிக்காரனுக்கு அபராதத் தொகை முக்கியமில்லை. கட்டளைகள்தான் முக்கியம். தொலைபேசி தயாரிப்பவர் எதை முன்கூட்டியே ஏற்றித் தர வேண்டும், பயனர் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பவை மாறின. சேலம் நண்பர் அந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்.

---

சேலம் கான்ட்ராக்டர்:

மென்பொருளுக்குக் கட்டளை கிடைத்தது, மூட்டைக்குக் கிடைக்கவில்லை. சரி, அந்த அபராதப் பணம் யாருக்குப் போகிறது? கூடுதல் விலை கொடுத்து வீடு கட்டியவருக்கா?

---

கறுப்புக் கோட்டு:

இல்லை. இந்தியத் தொகுப்பு நிதிக்கு. இழப்பீடு வேண்டுமென்றால் 53-என் (53N) பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் கம்பெனி செய்தது தவறு என்று ஆணையம் சொன்ன பிறகு. பிரிவு 27இல் ஆணையத்துக்கு இருக்கும் அதிகாரம், நிறுத்து என்று சொல்வதும், ஒப்பந்தத்தை மாற்று என்பதும், அபராதம் போடுவதும்.

---

சட்டம் நான்காம் ஆண்டு:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். மாதிரி நீதிமன்றப் போட்டிக்காக இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டுச்சதி எப்படிப் பிடிபடுகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது.

டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பானசோனிக், எவரெடி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிப்போ ஆகிய மூன்றும் சேர்ந்து விலை ஏற்றிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. பானசோனிக் தானே போய் ஒப்புக்கொண்டது. பிரிவு 46இன்படி முதலில் வந்து முழு உண்மையையும் சொல்கிறவருக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை தள்ளுபடி. சோதனை நடந்த பிறகு மற்ற இரண்டும் ஓடி வந்தன. 2018 ஏப்ரல் உத்தரவில் பானசோனிக்குக்கு அபராதம் எதுவும் இல்லை. எவரெடிக்கு 30 சதவீதம் கழித்து 171.55 கோடி, நிப்போவுக்கு 20 சதவீதம் கழித்து 42.26 கோடி.

பீர் வழக்கும் இதே பாணி. ஏ.பி. இன்பெவ் முதலில் சொன்னது, தப்பித்தது. யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் ஆகியவற்றுக்குச் சேர்த்து 2021 செப்டம்பரில் 873 கோடிக்கு மேல். புதுச்சேரியும் அந்த உத்தரவில் இருக்கிறது. பீர் விலையை மாநில அரசுகள் நிர்ணயிக்கிற இடங்களில்கூட, அரசிடம் என்ன விலை கேட்பது என்பதை முன்கூட்டியே தங்களுக்குள் பேசிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 388. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியத்தைப் பூச்சி அரிக்காமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். 2009 டெண்டரில் மூன்று கம்பெனிகள் மூடிய உறையில் விலை போட்டன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் கிலோவுக்கு 388 ரூபாய். மூலப்பொருள் செலவு ஒன்றே, அதனால் விலையும் ஒன்றே என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் 2017இல் அதை நம்பவில்லை.

ஆனால் அதே தீர்ப்பில்தான், அபராதத்தைக் கம்பெனியின் மொத்த விற்றுமுதலில் கணக்கிடக் கூடாது, குற்றத்துக்குத் தொடர்புடைய சரக்கின் விற்றுமுதலில்தான் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னார்கள். அதன்படி அந்த மூன்றில் ஒன்றான யு.பி.எல். கம்பெனியின் அபராதம் 252 கோடியிலிருந்து 6.94 கோடியானது. மாத்திரை தவிர வேறு நூறு பொருள் விற்கிற கம்பெனிக்கு இது வரம்தானே ஐயா?

---

கறுப்புக் கோட்டு:

வரமாகத்தான் இருந்தது அம்மா. போட்டியில் இதை வாதிடும்போது 2023 திருத்தத்தையும் 2024 மார்ச் வழிகாட்டு நெறிகளையும் சேர்த்துப் படியுங்கள். இப்போது தொடர்புடைய விற்றுமுதலில் 30 சதவீதம் வரை கணக்கைத் தொடங்கலாம். உச்சவரம்பான 10 சதவீதத்துக்கு உலகளாவிய மொத்த விற்றுமுதலை எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனிகள் இதற்குத்தான் முகம் சுளித்தன. தொடர்புடைய விற்றுமுதல் பூஜ்யம் என்று வாதாடுகிற வழியையும் அடைத்திருக்கிறார்கள். அது போன்ற வாதங்களை எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

---

மயிலாடுதுறை மருந்துக் கடை:

பெரிய கம்பெனிகளை விடுங்கள். இந்த ஆணையம் உண்மையாகவே கடைவீதியில் கை வைத்தது எங்கள் தொழிலில்தான் என்பேன்.

மருந்து மொத்த வியாபாரத்துக்குப் புதிதாக ஒருவர் ஸ்டாக்கிஸ்ட் ஆக வேண்டுமென்றால், கம்பெனி சரி சொன்னாலும் போதாது. மாவட்ட மருந்து வணிகர் சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பது நாடு முழுக்க எழுதப்படாத சட்டம். சங்கத்துக்குப் பிடிக்காவிட்டால் சான்று வராது. மீறிச் சரக்குக் கொடுக்கும் கம்பெனியின் மருந்தை எந்தக் கடையும் எடுக்காது. புது மருந்து சந்தைக்கு வந்தால் தகவல் வெளியீட்டுக் கட்டணம் என்று சங்கத்துக்குத் தனியாகக் கப்பம். மொத்தக் கடைக்கு இத்தனை சதவீதம், சில்லறைக் கடைக்கு இத்தனை சதவீதம் என்று மார்ஜினும் அவர்களே முடிவு செய்தது.

2013இல் அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கு ஆணையம் அபராதம் போட்டது, 47.40 லட்சம். தொகை பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாநிலச் சங்கங்கள் மீது வரிசையாக வழக்குகள். எனக்கே ஒரு காலத்தில் ஒரு சங்கத்தில் சான்று கிடைக்காமல் நடையாய் நடந்த அனுபவம் உண்டு. பிறகு அதே சங்கத்தின் சுற்றறிக்கையில் ‘சான்று கட்டாயமில்லை’ என்று அச்சடித்து வந்தபோது, அதை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நடைமுறையில் தொலைபேசியில் இன்னும் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சினிமாவிலும் இதே கதைதான். மலையாள இயக்குநர் வினயனோடு யாரும் வேலை செய்யக் கூடாது என்று நடிகர் சங்கமும் தொழிலாளர் கூட்டமைப்பும் ஒதுக்கி வைத்ததற்கு 2017இல் அபராதம் விழுந்தது. உச்ச நீதிமன்றம் வரை அது நின்றது.

---

திண்டுக்கல் மோட்டார் கடை:

எல்லோருக்கும் நன்றி. நடைமுறைக்கு வருகிறேன். செலவு எவ்வளவு, டெல்லிக்குப் போக வேண்டுமா, என் பெயர் வெளியே தெரியுமா?

---

கறுப்புக் கோட்டு:

தனிநபர் ஒருவர் ஆணையத்துக்குத் தகவல் கொடுக்க 5,000 ரூபாய் கட்டணம். ‘புகார்’ என்று சட்டம் சொல்வதில்லை, ‘தகவல்’ என்றுதான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஓலா, ஊபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அதைத் தெளிவாக்கிவிட்டது: யாரும் கொடுக்கலாம். பெயரை ரகசியமாக வைக்கும்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் உங்கள் எஸ்டிமேட்டைச் சான்றாக வைத்தால் கம்பெனிக்கு ஆள் யார் என்று தெரியாமல் இருக்காது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2021இலிருந்து சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது.

ஆணையம் முதலில் பார்ப்பது, முதல்நோக்கில் விஷயம் இருக்கிறதா என்பதை. இருந்தால் தலைமை இயக்குநரின் விசாரணைப் பிரிவுக்குப் போகும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே மூடிவிடுவார்கள். ஆகவே முதல் பத்துப் பக்கம்தான் உங்கள் உயிர். டீலர்ஷிப் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விலை பற்றிய ஷரத்து உண்டா? சுற்றறிக்கை உண்டா? ஏரியா மேனேஜர் படத்தோடு அனுப்பிய செய்தியை அழிக்காமல், எண்ணும் தேதியும் தெரியும்படி எடுத்து வையுங்கள். நிறுத்திய ஆர்டரின் எண், வராத கிரெடிட் நோட்டின் கணக்கு. மற்ற மாவட்டத்து டீலர்களுக்கும் இதே நடந்ததற்கு ஒரு காகிதம் கிடைத்தால், தனிப்பட்ட சண்டை என்று கம்பெனி தள்ளிவிட முடியாது.

நிறுத்திய சரக்கு இந்தச் சித்திரைக்கே வேண்டுமென்றால் ஆணையம் உதவாது. இடைக்கால உத்தரவுக்குப் பிரிவு 33 இருக்கிறது, எளிதில் கிடைக்காது. கிரெடிட் நோட்டுப் பாக்கி வெறும் ஒப்பந்தக் கடன். அதற்கு வக்கீல் நோட்டீஸும் உள்ளூர் நீதிமன்றமும் போதும். ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருந்தால் அந்த வழி. இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

---

நெல்லை பம்ப்செட்:

இவ்வளவு நீளமாக எதற்கு அண்ணாச்சி? நம் மாவட்ட டீலர்கள் எல்லோரும் ஒரு குழுவில்தானே இருக்கிறோம். நாற்பது பேர் சேர்ந்து ஒரு முடிவெடுப்போம். திண்டுக்கல் கடைக்குச் சரக்கு வரும் வரைக்கும் யாரும் அந்தக் கம்பெனிக்கு ஆர்டர் போடுவதில்லை. எதிர்க் கம்பெனி மோட்டாரை எல்லோரும் ஒரே விலைக்கு விற்போம். பத்து நாளில் ஏரியா மேனேஜர் காலில் விழுவார்.

---

கறுப்புக் கோட்டு:

நெல்லை நண்பரே, இந்த இழையில் மிக ஆபத்தான பதிவு உங்களுடையதுதான். போட்டியாளர்களான நாற்பது டீலர்கள் கூடி யாரிடம் வாங்குவதில்லை, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்தால் அது பிரிவு 3(3). கம்பெனி மீது நாம் பாதிப்பை நிரூபிக்க வேண்டும். உங்கள் மீது யாரும் நிரூபிக்கக்கூட வேண்டாம், சட்டமே அனுமானித்துக்கொள்ளும். மயிலாடுதுறைக்காரர் சொன்ன மருந்துச் சங்கம் மாட்டிக்கொண்டதே இப்படித்தான். அந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் முந்திக்கொண்டு ஆணையத்திடம் போனால் அவருக்குத் தள்ளுபடி, மீதி முப்பத்தொன்பது பேருக்கு நோட்டீஸ்.

---

நெல்லை பம்ப்செட்:

கம்பெனி தனியாக நின்று விலை வைத்தால் விசாரிக்கப் பத்து வருடம். கடைக்காரன் கூடிப் பேசினால் அன்றைக்கே குற்றமா? நல்ல சட்டம்!

---

சேலம் கான்ட்ராக்டர்:

இப்போது புரிகிறதா என் கோபம்?

---

ஈரோடு எலெக்ட்ரிக்கல் ஏஜென்சி:

சட்டம் எப்படியோ போகட்டும். நாற்பது பேர் ஒரே விலைக்கு விற்பது என்றால் அது தரைவிலைதானே? அதைக் கம்பெனி வைத்தால் அநியாயம், நாம் வைத்தால் நியாயமா? திண்டுக்கல் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

---

திண்டுக்கல் மோட்டார் கடை:

தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் அந்தக் கூட்டு முடிவுக்கு வரமாட்டேன். என் விலையை நான் வைக்க வேண்டும் என்றுதானே இத்தனை வம்பும்.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துவிட்டேன். குறைந்தபட்ச விலை ஷரத்து அதில் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கையில், லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு இருக்கிறது. மீறினால் என்ன நடவடிக்கை என்று பட்டியலும் போட்டிருக்கிறார்கள். கரூரிலும் தேனியிலும் இருக்கும் டீலர்களிடம் பேசினேன். இருவருக்கும் அதே சுற்றறிக்கை வந்திருக்கிறது, தேனிக்காரருக்கு ஒரு முறை சரக்கும் நின்றிருக்கிறது. கிரெடிட் நோட்டுக்கு இங்கேயே ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பப்போகிறேன். ஆணையத்துக்கு எழுதுவதைத் தனியாகத் தயார் செய்கிறேன்.

வக்கீல் ஐயா, தேனிக்காரரின் காகிதத்தை என் மனுவோடு வைக்கலாமா, அல்லது அவர் தனியாகக் கொடுக்க வேண்டுமா?

---

கறுப்புக் கோட்டு:

உங்கள் மனுவோடு இணைப்பாக வைக்கலாம், அவர் சம்மதம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். தேனிக்காரருக்குச் சரக்கு நின்ற தேதியைப் பாருங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு அவருக்குத் தனியாக ஓடுகிறது.